வட கரோலினாவில் பார்பிக்யூ சாப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

கேரி நகருக்குக் குடிவந்த முதல் இரண்டு மாதங்களில் பார்பிக்யூ சாப்பிட நான்கு முறை கிளம்பினேன். முதல் முறை கடை பூட்டியிருந்தது. இரண்டாம் முறை கடை திறந்திருந்தது, கறி தீர்ந்திருந்தது. மூன்றாம் முறை எல்லாம் இருந்தன; என்னோடு வந்த சைவ நண்பர் ஒரு கிண்ணம் கீரையை ரசித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது அடியில் ஒரு பன்றிக் கொழுப்புத் துண்டு கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வரை பேசவும் இல்லை. நான்காம் முறைதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடுவதற்கு ஒரு வழிகாட்டியா என்று சிரிக்கலாம். பணமும் பசியும் மட்டும் போதுமென்று நானும் நினைத்திருந்தேன். ராலே, டர்ஹம், கேரி பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்

சென்னையில் பார்பிக்யூ என்றால் மேசை நடுவே கரி அடுப்பு, கம்பியில் கோத்த பன்னீர், கோழி. அதை மறந்துவிடுங்கள். வட கரோலினாவில் பார்பிக்யூ என்பது சமைக்கும் முறையின் பெயர் மட்டுமன்று, ஒரு பண்டத்தின் பெயர். விறகுத் தணலில் பல மணி நேரம் மெதுவாக வெந்து, பொடியாக வெட்டி, வினிகர் சாறு சேர்த்த பன்றி இறைச்சி. பட்டியலில் வெறுமனே ‘பார்பிக்யூ’ என்று போட்டிருந்தால் அது பன்றிதான். என்ன இறைச்சி என்று தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். இட்லிக் கடையில் ‘அரிசி இட்லி’ என்று எழுதுவார்களா?

மாநிலத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. கிழக்கே முழுப் பன்றியையும் வாட்டி எல்லாப் பகுதியையும் கலந்து வெட்டுவார்கள். சாறு வினிகர், உப்பு, மிளகு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். ஏய்டன் என்ற சிற்றூரிலுள்ள ‘ஸ்கைலைட் இன்’ என்ற கடை இதற்குப் பெயர்பெற்றது. மேற்கே லெக்சிங்டன் ஊர் முறையில் தோள்பட்டைக் கறி மட்டும். வினிகரில் கொஞ்சம் தக்காளி கெச்சப்பும் சேரும். ராலேயிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. எது உயர்ந்தது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் அன்றைய மதிய உணவு இடைவேளை அதிலேயே போய்விடும்.

2. நாளும் நேரமும்

பழைய கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. எனக்கு வார விடுமுறை என்றால் ஞாயிறு மாலை ஊர்சுற்றுவது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஞாயிறு தேவாலயம். சில கடைகளுக்குத் திங்களும் விடுமுறை. கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பித்தான் நான் 40 மைல் ஓட்டிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்த்தேன்.

அடுத்தது, தீர்ந்துபோவது. தோள்பட்டைக் கறி வேக எட்டு முதல் பத்து மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முழுப் பன்றி என்றால் இரவெல்லாம். அதனால் மதியம் இரண்டு மணிக்குக் கறி தீர்ந்தால் இன்னொரு அடுப்பு ஏற்றி இறக்கிவிட முடியாது. வாசலில் அட்டை தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். இதில் ஊழியர்களிடம் வருத்தப்படுவதில் பொருளில்லை. என்னைக் கேட்டால், தினமும் தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போய்விடுங்கள். வேலை நாளில் பதினொன்றரைக்குள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம். கடை விறகில் சமைக்கிறதா, எரிவாயுவிலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: காரை நிறுத்தியதும் பின்பக்கம் பாருங்கள். விறகு அடுக்கியிருந்தால் மகிழ்ச்சியோடு உள்ளே போகலாம். இல்லையென்றாலும் போகலாம், எதிர்பார்ப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. கையில் என்ன வேண்டும்

வங்கி அட்டையோடு 40 டாலர் ரொக்கமும். அட்டை வாங்காத பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊரில் ஏடிஎம் எங்கே என்று தேடுவது பெரிய வேலை.

பெரும்பாலான இடங்களுக்குப் பஸ் கிடையாது. கார் இல்லாதவர்கள் கார் வைத்திருக்கும் நண்பரோடு போங்கள். நீங்களே ஓட்டுவதானால் ஒன்று: இங்கே குடிவந்தவர்கள் 60 நாட்களுக்குள் இந்த மாநில ஓட்டுநர் உரிமம் எடுத்தாக வேண்டும். என் நண்பர் ஒருவர் ஊர் உரிமத்தையே நம்பி அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்.

பீர் குடிப்பதானால் 21 வயது முடிந்ததற்கு அத்தாட்சி வேண்டும். உள்ளூர் உரிமம் கிடைக்கும் வரை பாஸ்போர்ட் அசலைக் கொண்டுபோங்கள். செல்பேசியில் வைத்திருக்கும் படத்தை ஏற்கமாட்டார்கள், நரை விழுந்த தலையைக் காட்டினாலும் கேட்பவர்கள் கேட்பார்கள். ஆனால் பழைய பார்பிக்யூ கடைகள் பலவற்றில் மதுவே கிடையாது. பாஸ்போர்ட்டை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம்.

4. பன்றி, மாடு, முட்டை தவிர்ப்பவர்கள் கவனத்துக்கு

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். எங்கள் மூன்றாம் பயணம் கெட்டது இங்கேதான்.

தென் மாநிலச் சமையலில் காய்கறிக்குச் சுவையூட்டுவதே பன்றிக் கொழுப்பு. நாம் கீரை மசியலுக்குப் பெருங்காயம் தாளிப்பதைப் போல அவர்கள் ஒரு துண்டு உப்பிட்ட பன்றியைப் போட்டு வேகவைக்கிறார்கள். காலர்டு கீரை, பச்சை பீன்ஸ், இனிப்பு பீன்ஸ் மூன்றிலும் அது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘இது சைவமா’ என்று கேட்டால் ‘ஆமாம், கீரைதான்’ என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். பொய்யில்லை. அவர்கள் கணக்கில் கீரை கீரைதான், கொழுப்பு வெறும் தாளிப்பு. ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: ‘இதில் பன்றி ஏதாவது போட்டு வேகவைக்கிறீர்களா?’ என்று பன்றியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உண்மையான பதில் உடனே வரும்.

பிரன்ஸ்விக் ஸ்டூ என்று ஒரு கெட்டிக் குழம்பு உண்டு. சோளம், தக்காளி, மொச்சை எல்லாம் மிதக்கும். பார்த்தால் காய்கறிக் குழம்பு. உள்ளே கோழியோ பன்றியோ இரண்டுமோ இருக்கும். சோளரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, குறிப்பாகக் கிழக்கே. ஹஷ் பப்பி என்ற சோளமாவு போண்டா, என் மகள் இதற்காகவே வருவாள். மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் வெள்ளையாக உருகிக் கிடப்பது மார்ஷ்மெல்லோ. அதிலிருக்கும் ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

அப்படியானால் சைவர்கள் என்னதான் சாப்பிடுவது? லெக்சிங்டன் முறைக் கடைகளில் சிவப்பு ஸ்லா கிடைக்கும். பொடியாக அரிந்த முட்டைக்கோஸில் வினிகரும் கெச்சப்பும் கலந்தது, மயோனைஸ் கிடையாது, ஆகவே முட்டையும் இல்லை. கிழக்கத்திய ஸ்லாவில் மயோனைஸ் சேரும். மக்ரோனி சீஸ், உருளை வறுவல் (எண்ணெயைப் பற்றிக் கேட்டுவிட்டு), முட்டை சாப்பிடுபவர்களானால் வாழைப்பழப் புட்டிங். இவற்றைச் சேர்த்துக் காய்கறித் தட்டு என்று மூன்று நான்கு தொடுகறிகளை ஒரே விலைக்குத் தரும் கடைகள் உண்டு. வயிறு நிறையும். சைவ நண்பரை இதற்காகவே 90 மைல் அழைத்துப்போவது நியாயமா என்று கேட்டால், இல்லை.

பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி இருக்கும். சில கடைகளில் வான்கோழியும். ஆனால் ஒரே வெட்டுப்பலகை, ஒரே கத்தி. ஹலால் பார்ப்பவர்கள் இந்தக் கடைகளைத் தவிர்ப்பதே நல்லது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வட கரோலினா ஓரளவு எளிது. பழைய கடைகளில் மாடு முக்கியமில்லை. வேலை மாறி டெக்சஸுக்குப் போனால் கதை தலைகீழ்: அங்கே பார்பிக்யூவின் ராஜா மாட்டின் நெஞ்சுக்கறி, சாசேஜிலும் மாடு இருக்கும். ஆட்டுக்கறிப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: கென்டக்கி மாநிலத்தில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் மட்டன் பார்பிக்யூதான் பிரசித்தம். அங்கே மட்டன் என்றால் வெள்ளாடு அன்று, முற்றிய செம்மறி.

5. கல்லாவுக்கு முன்னால் நாற்பது விநாடி

கடைகள் இரண்டு வகை. உட்கார்ந்தால் வந்து கேட்பவை, வரிசையில் நின்று கல்லாவில் சொல்பவை. இரண்டாம் வகைதான் பயமுறுத்தும். பின்னால் இருபது பேர் நிற்க, அந்த அம்மையார் மூச்சுவிடாமல் ஐந்து கேள்வி கேட்பார். கேள்விகளை முன்பே தெரிந்துகொண்டால் பயமில்லை.

‘ஃபார் ஹியர் ஆர் டு கோ’: இங்கேயா, எடுத்துப்போகவா? ‘பார்சல்’ என்று சொன்னால் புரியாது. நான் சொன்னேன், பக்கத்துத் தபால் நிலையத்துக்கு வழி சொன்னார்கள்.

‘டிரே ஆர் பிளேட்’: டிரே என்பது சின்னக் காகிதத் தொன்னை. பாதி கறி, பாதி ஸ்லா, கூடவே ஹஷ் பப்பியோ பன்னோ. பிளேட் என்றால் கறியோடு தொடுகறிகளும் சேர்ந்து பெரியதாக வரும். முதல் முறைக்கு டிரே போதும். சாண்ட்விச் இன்னும் மலிவு. ஸ்லாவை உள்ளேயே வைத்துத் தருவார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்ல வேண்டும்.

‘சாப்டு, ஸ்லைஸ்டு, கோர்ஸ்’: பொடியாக வெட்டியதா, வில்லைகளா, பெரிய துண்டுகளா? எதுவும் சொல்லாவிட்டால் பொடி வரும். லெக்சிங்டன் பக்கம் ‘கோர்ஸ் சாப்டு, பிரவுன் சேர்த்து’ என்று கேட்டுப் பாருங்கள். பிரவுன் என்பது வெளிப்புறம் புகையும் தணலும் பட்டுக் கருகிச் சிவந்த பகுதி. பிரியாணி அண்டாவின் அடியில் ஒட்டியதற்குப் போட்டிபோடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

‘எக்ஸ்ட்ரா டிப்?’: இந்தக் கேள்வியில்தான் நான் மானம் போய் நின்றேன். சாப்பிடுவதற்கு முன்பே வெகுமதி கேட்கிறார்களே என்று நினைத்து இரண்டு டாலரை நீட்டினேன். லெக்சிங்டன் பக்கம் டிப் என்றால் அந்த வினிகர் சாறு. பணம் வேண்டாம், தலையாட்டினால் போதும்.

‘ஸ்வீட் ஆர் அன்ஸ்வீட்?’: தேநீரைப் பற்றிய கேள்வி. டீ என்றால் இங்கே பனிக்கட்டி போட்ட கறுப்புத் தேநீர். ஸ்வீட் என்றால் நம் கல்யாணப் பாயசத்தின் இனிப்பு. பாதிப் பாதி கலந்து தரச் சொல்லலாம், யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். காலியாக ஆக நிரப்பித் தருவார்கள், பெரும்பாலும் கூடுதல் பணமில்லை. பட்டியலில் சீர்வைன் என்று பார்த்துவிட்டுக் குழந்தைக்கு வேண்டாமென்று பதறாதீர்கள். சால்ஸ்பரி ஊரில் 1917ஆம் ஆண்டிலிருந்து தயாராகும் செர்ரிச் சுவைக் குளிர்பானம் அது. பெயரில் மட்டும்தான் வைன்.

பரிமாறுபவர் உங்களை ‘ஹனி’ என்று அழைக்கலாம். எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார். பதிலுக்கு நீங்கள் ‘மேம்’, ‘சர்’ சேர்த்துப் பேசுங்கள்; தென் மாநிலங்களில் அந்த மரியாதைக்கு இன்னும் மதிப்பிருக்கிறது.

6. சாப்பிடும்போது

முதல் கவளத்தைச் சாறு எதுவும் கூடுதலாக ஊற்றாமல் சாப்பிடுங்கள். கறியில் ஏற்கெனவே கொஞ்சம் கலந்திருப்பார்கள். பிறகு புளிப்பு வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளலாம். நம் நாக்குக்குக் காரம் போதாது என்பது உறுதி. மேசையில் டெக்ஸஸ் பீட் என்ற சிவப்புப் புட்டி இருக்கும். பெயர் அப்படியே தவிர அது தயாராவது இதே மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலத்தில். அதுவும் நமக்குக் காரமில்லை, ஆனால் பொருந்துகிறது. ஊறுகாய்ப் புட்டியைப் பையிலிருந்து எடுத்த என் மாமனாரைப் பற்றி இங்கே எழுத வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

கறி இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். விறகுப் புகையிலுள்ள வாயு இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது, கோழியிலும் வரும். நான் ஒரு கோழித் தொடையை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சமையல்காரரே வெப்பமானியோடு மேசைக்கு வந்து குத்திக் காட்டினார். கோழிக்கு வேண்டியது 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். அன்று காட்டியது அதைவிட அதிகம்.

கையால் சாப்பிடலாமா? சாண்ட்விச், ஹஷ் பப்பி, விலா எலும்பு எல்லாம் கைதான். பொடிக்கறிக்கு முள்கரண்டி. ஸ்லாவைத் தனியாகச் சாப்பிடாமல் ஒவ்வொரு வாய்க்கும் கறியோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரியல் இல்லாத குழம்புச் சோறு எப்படியோ, ஸ்லா இல்லாத கறியும் அப்படித்தான்.

7. பில்

கடந்த மாதம் நான் மட்டும் போனபோது: பிளேட் 14.50, தேநீர் 2.75, ஆக 17.25 டாலர். கேரி, ராலே இருக்கும் வேக் கவுண்டியில் உணவக உணவுக்கு மொத்த வரி 8.25 சதவீதம், விற்பனை வரி 7.25, அதன்மேல் சமைத்த உணவுக்கென்று 1. ஆக 1.42 சேர்ந்து 18.67. வெகுமதி 3 டாலர். முடிவில் 21.67. பட்டியலில் பார்த்த விலைக்கும் கடைசியில் போன பணத்துக்கும் இடையே எப்போதும் கால் பங்கு கூடும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அதிர்ச்சி இராது.

மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம், வரிக்கு முந்தைய தொகையில். இதைக் கொடுத்தே ஆக வேண்டும். வெகுமதி பெறும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி இந்த மாநிலத்தில் மணிக்கு 2.13 டாலர்தான், மீதி நம் கையிலிருந்து போகிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகப் பரிமாறியவரைத் தண்டிக்க முடியாது. கல்லாவில் நாமே வாங்கிக்கொள்ளும் கடைகளில் வெகுமதி எவ்வளவு என்று கேட்கும் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். அங்கே உங்கள் விருப்பம்.

அட்டை கொடுக்கும் முறையும் புதிதாக இருக்கும். அட்டையை எடுத்துப் போய்விடுவார்கள், பயப்படாதீர்கள். இரண்டு சீட்டுகளோடு திரும்பி வரும். ஒன்றில் வெகுமதியையும் கூட்டுத்தொகையையும் எழுதிக் கையெழுத்திட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போகலாம். மற்றது உங்களுக்கு. ஆறு எட்டுப் பேராகப் போனால் பில்லில் ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஊரில் பணி ஓய்வின்போது கிடைக்கும் பணிக்கொடை அன்று இது. வெகுமதியை அவர்களே சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். நாங்கள் அதைக் கவனிக்காமல் இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு, ஏன் இவ்வளவு அன்பாக வழியனுப்புகிறார்கள் என்று வியந்தபடி வந்தோம்.

8. குடும்பத்தோடு என்றால்

நான்கு பேருக்கு நான்கு பிளேட் வாங்காதீர்கள், மீந்துபோகும். பவுண்டுக் கணக்கில் வாங்குங்கள். ஒரு பவுண்டு 454 கிராம். மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஒன்றரை பவுண்டு கறி, ஒரு பைண்ட் ஸ்லா, ஒரு டஜன் ஹஷ் பப்பி எங்களுக்கு 35 டாலருக்குள் முடிகிறது; நான்கு பிளேட் என்றால் வரிக்கு முன்பே 58. சாறு வேறாக ஒரு புட்டியில் கேளுங்கள், கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள். தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், ஜூலை 4 வாரங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது.

பொட்டலத்தைக் காரில் வைத்துவிட்டு அப்படியே காஸ்ட்கோ பேரங்காடிக்குள் நுழையாதீர்கள். சமைத்த இறைச்சி வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெளியே 90 பாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஜூலை மாதக் காருக்குள் அதுவும் இல்லை. குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் வைக்கலாம். சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், நார் நாராகக் காய்ந்துவிடும். வாணலியில் இரண்டு கரண்டி வினிகர் சாறு ஊற்றி, மூடி, சிறு தீயில் ஆவி வரும் வரை விடுங்கள். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். கொதிக்கும் வினிகரின் நெடி கண்ணைக் கரிக்கும்.